மூன்று அலை தாண்டினால் கப்பல்

கப்பலேற்றிவிடும் தொழிலில் பயணியிடமிருந்து முதலில் பிடுங்க வேண்டியது டிக்கெட்டை அல்ல, அவர் காலில் கிடக்கும் பூட்ஸை.

பஸ் கண்டக்டர்களே, ரயில்வே புக்கிங் குமாஸ்தாக்களே, பயணிகளோடு மல்லுக்கட்டிப் பிழைத்த மற்றவர்களே, நீங்களெல்லாம் என் இனம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு ஒரு பிளாட்பாரமாவது இருந்தது. எனக்கு இருந்தது மணலும் அலையும்தான். புதுச்சேரிக்குக் கடல் உண்டு, துறைமுகம் கிடையாது. கரையோரம் ஆழம் போதாது என்பதால் கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, ‘வேண்டுமானால் நீ வா’ என்று ஊதும். கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலத்தைப் புயல் தின்றுவிட்டது. அதன் கால்கள் மட்டும் தண்ணீருக்கு மேல் துருப்பிடித்து நின்றன. ஆகவே கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போக ஒரே வழி சலங்கு. உயரமான, அடி தட்டையான துடுப்புப் படகு.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த ஐம்பத்து நான்காம் வருஷம், கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்டிடம் பயணிகள் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஒவ்வொரு பயணியோடும் படகில் போய் அவரைக் கப்பல் ஏணியில் ஏற்றிவிட வேண்டும். வருகிறவரை அதேபோல் கரையில் இறக்க வேண்டும். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் அலை மூன்று வரிசையாக உடையும். அந்த மூன்றையும் தாண்டிவிட்டால் அப்புறம் கடல் நல்ல பிள்ளை. தாண்ட வைப்பவர் ஏழுமலை. குருசுக்குப்பத்து மீனவர், எங்கள் படகின் தண்டையல், அதாவது துடுப்புக்காரர்களுக்குத் தலைவர். பின்துடுப்பு அவர் கையில் இருக்கும்வரை எனக்குக் கவலையென்று ஒன்று இருந்ததில்லை.

தையல்

சலங்கில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அறைந்தால் பிளந்துவிடும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். நெளிகிற இடத்தில் தண்ணீர் கசியும். ஒரு ஆள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் பயணியிடம் கரையிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் பாதிப் பேர் ஏறமாட்டார்கள் என்பதால் நான் சொல்வதில்லை.

சென்னையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு சுங்க அதிகாரி, கப்பலைச் சோதனையிட முதல் தடவையாக எங்களோடு வந்தார். இரண்டாம் அலையில் அவர் காலடியில் பலகை இடைவெளி விரிந்து, கடல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவர் எழுந்து நின்றுவிட்டார். “படகு கிழியுதுய்யா! ஓட்டை! ஓட்டை!” என்று என் தோளை உலுக்கினார். ஏழுமலை பின்துடுப்பை விடாமல், சட்டைக்கு அளவெடுக்கிறவர் போல நிதானமாக அவரைப் பார்த்தார். “தெச்சதுல ஓட்ட இல்லாம இருக்குமா சார்? நீங்க போட்டிருக்கிற சட்டையில எத்தினி ஓட்ட இருக்கு, அதுக்காகக் கழட்டியா வெச்சிட்டீங்க?”

பியானோ

நிர்வாகம் கை மாறியதும் வெள்ளைக்கார வீதிகளில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்கள். சிலர் நாய்களைக் கொண்டுபோனார்கள், ஒருவர் தோட்டத்து ரோஜாச் செடிகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோனார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மனைவி, அந்த மதாம், பியானோ இல்லாமல் கப்பலேற மாட்டேன் என்றுவிட்டார். ஏஜென்ட் கையை விரித்தார். ஏழுமலை அதைத் தட்டிப் பார்த்தார், சுற்றி வந்தார், “யானைய ஏத்தியிருக்கோம், இதுக்கென்ன?” என்றார். யானை ஏற்றியது உண்மையா என்று நான் கேட்கவில்லை. வைக்கோல் பரப்பி, பாயில் சுற்றி, கயிறு போட்டு, சலங்கின் நடுவில் உட்கார வைத்தோம். மதாம் அதன் பக்கத்திலேயே ஒரு கையை அதன்மேல் வைத்தபடி உட்கார்ந்தார்.

முதல் அலையில் படகு தலையைத் தூக்கியதும் பியானோ தானாகப் பாட ஆரம்பித்தது. உள்ளே கம்பிகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்து, கோயில் மணியைப் போர்வைக்குள் வைத்து அடித்த மாதிரி ஒரு சத்தம். மதாம் அழுதுவிட்டார். இந்த ஊரில் அவருக்குப் பிறந்த பெண்கள் இருவரும் அந்தக் கட்டைகளில்தான் விரல் பழகினார்களாம். நான் கைக்குட்டையை நீட்டினேன். இரண்டாம் அலையில் அது இன்னும் பெரிதாக முழங்கியது. துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. ஏழுமலை கோபமாக என் பக்கம் திரும்பினார். எங்கள் ஊரில் ‘ஐயா’வுக்கு முசே. “முசே, அத வாய மூடச் சொல்லுங்க! நாங்க ஒரு தாளத்துல பாடித் துடுப்பு போடறோம், அது ஒரு தாளத்துல பாடுது, பசங்க எதக் கேப்பானுங்க?”

மூன்று பட்டை

நிர்வாகம் கை மாறிவிட்டதே தவிர, உடன்படிக்கைக்குப் பாரீஸில் முழு ஒப்புதல் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை காகிதத்தில் ஒரு நாடு, தெருவில் ஒரு நாடு. கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். சைகோன் கோர்ட்டில் சேவகராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், வாலிபத்தில் ஊரைவிட்டுப் போனவர், படகில் கால் வைத்ததும் வைக்காததுமாக, “தம்பி, கொடிக்கம்பத்துல இப்ப யாரு?” என்றார். எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் சொல்லி முடித்தபோது விளங்காமல் போயிருந்தது.

கரை நெருங்கியது. கலங்கரை விளக்கும், அதன் பக்கத்தில் கொடியும் தெரிந்தன. பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு கொடிகளை எடுத்தார். ஒன்று பிரான்சினுடையது, ஒன்று இந்தியாவினுடையது. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயே தைத்து வாங்கி வந்திருக்கிறார். ஒன்றை மடித்து உள்ளே வைத்துவிட்டு மற்றதைக் கரையை நோக்கி ஆட்டினார். கரையில் நின்ற உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. “ரெண்டும் மூணு பட்டதானே தம்பி, படுக்கப் போட்டா ஒண்ணு, நிக்க வெச்சா ஒண்ணு.”

நாற்காலி

பயணிகளைக் கரையிலிருந்து படகுவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப்போவது வழக்கம். பெரிய மனிதர்கள் அந்த நாற்காலியில் ஏறியதும் இன்னும் பெரிய மனிதர்களாகிவிடுவார்கள். அதில் உட்காரவே மாட்டேன் என்று சொன்னவர் ஒருவர்தான். கன்னியாஸ்திரி. ஊர் வழக்கில் மாசேர். குப்பத்துப் பக்கம் ஒரு மருந்துச்சாலையில் ஒரு தலைமுறைக்கே புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். மடத்திலிருந்து அவரைப் பிரான்சுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். “இந்த ஊர்ல எல்லா எடத்துக்கும் நடந்துதான் போனேன். இங்கயும் நடந்தே போவேன்” என்று வெள்ளை அங்கியோடு கடலில் இறங்கினார். நாலு பேரும் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

படகில் ஏறியதும் துடுப்புக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். ஒருவனுடைய முழங்கால் தழும்பைத் தொட்டுப் பார்த்து, “இது என் தையல்” என்றார். அன்றைக்கு அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. மாசேரைப் பத்திரமாகச் சேர்க்க வேண்டுமே என்ற பதற்றத்தில் ஏழுமலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கத்தினார். “தள்ளு! போடு! ஏய், போடுடா!” என்று தொண்டை கிழிந்தது. மாசேர் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “ஏழுமல, காதுல சீழ் வெச்சி வந்தியே, அன்னிக்கி மருந்து வுடறப்பக்கூட நீ இப்பிடி கத்தலியேடா!”

சைகோன் மருமகள்

இந்தோசீனாவில் சண்டை முடிந்ததும், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த நம் ஊர்க்காரர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். ஊரில் அவர்களுக்குச் சொல்தா என்று பெயர். அந்துவான் என்றொரு சொல்தா கப்பல் ஏணியில் என்னைப் பார்த்ததும் காதோரம் குனிந்தான். “முசே, கரையில எங்கம்மா நிக்கும். இவளப் பத்தி நான் எழுதல.” அவன் பின்னால் ஒரு சின்ன உருவம் நின்றது. கறுப்புக் கால்சட்டை, கூம்புத் தொப்பி, நெஞ்சோடு சேர்த்துத் துணியில் கட்டிய கைக்குழந்தை. “ஒரு வரிகூடவா எழுதல?” என்றேன். “மாமன் பொண்ண பேசி வெச்சிருக்காங்க முசே. என்னன்னு எழுதுவேன்?” என்றான். அந்தப் பெண் யார் கையையும் பிடிக்காமல் ஆடுகிற படகில் இறங்கி உட்கார்ந்தாள். ஆற்றங்கரையில் படகிலேயே வளர்ந்தவளாம். குண்டு மழையில் நின்றுவிட்டு வந்த அந்துவான்தான் முகம் வெளுத்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவள் ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் அவன் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டாள்.

கரைக்குப் பக்கத்தில், கடைசி அலையில், பின்துடுப்பைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. நான் அந்த வேலையில் இருந்த காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். படகு பக்கவாட்டில் திரும்பி, அலை அதைக் குப்புறத் தள்ளியது. நெஞ்சளவு தண்ணீர்தான். ஆனால் திரும்பிப் போகிற அலை காலை வாரி இழுக்கும். நான் எழுந்து மூச்சு விட்டபோது தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. கைகளில் குழந்தை இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தவள் தெரியவில்லை. அலைக்கு அடியில் இருந்தாள். ஒரு துடுப்புக்காரன் பாய்ந்து குழந்தையை வாங்கி அடுத்தவனிடம் கொடுக்க, அவன் அடுத்தவனிடம் கொடுக்க, கடைசியாக அதை வாங்கியது எங்கள் ஆள் அல்ல. கரையில் நின்ற ஒரு அம்மாள், சேலை நனைய இடுப்பளவு கடலுக்குள் வந்துவிட்டிருந்தார். ஏழுமலையும் நானும் அந்தப் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். இருமிக்கொண்டே நாலா பக்கமும் பார்த்தாள். குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டபிறகுதான் அவளுக்குக் கால் ஊன்றியது.

அந்துவான் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த அம்மாளின் முன்னால் போய் நின்றான். “அம்மா, அது எம் புள்ள. இவ எம் பொண்டாட்டி.” அவன் அம்மா தெரேசம்மா மகனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், குழந்தையின் சின்னக் கண்களைப் பார்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார். பெண்ணைக் கொடுக்க இருந்த அவருடைய தம்பி பின்னாலேயே ஓடினார். “அக்கா! எம் பொண்ணுக்கு என்ன பதிலு? சொல்லிட்டுப் போ!” தெரேசம்மா நடையை நிறுத்தவில்லை. “கொழந்த நனைஞ்சி நடுங்குது. மொதல்ல தல தொவட்டணும். அப்பறமா வூட்டுக்கு வா, எவ்ளோ திட்டணுமோ திட்டு, ஒக்காந்து கேட்டுக்கிறேன்.”

போக முடியாது

எங்கள் தொழிலில் சொல்லக் கடினமான வார்த்தை இதுதான். கார்த்திகை மாதம் ஒரு பஞ்சாலை ஃபிட்டர் தன் மகனோடு வந்தார். பையன் பாரீஸில் மருத்துவம் படிக்கப் போகிறான். வழியனுப்ப ஆலையிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. கப்பல் தூரத்தில் நின்று ஊதியது. “நமக்காகத்தான் ஊதறான் முசே” என்று அப்பா பரபரத்தார். நான் ஏழுமலையைத் தேடினேன். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்துவிட்டால் கவர்னரே வந்தாலும் படகு இறங்காது. போக முடியாது என்று சொன்னேன். “பயப்படறீங்க” என்றான் பையன். “ஆமாம்” என்றேன். ஃபிட்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கரையில் கிடந்த ஒரு பழைய படகை ஆலை ஆட்களோடு சேர்ந்து தண்ணீரில் தள்ளிவிட்டார். முதல் அலை அதைத் தூக்கி, அவர்கள் நின்ற இடத்துக்குப் பத்தடி பின்னால் மணலில் எறிந்தது. பலகைகள் தனித்தனியாகக் கிடந்தன. நல்லவேளை, யாரும் அதில் ஏறியிருக்கவில்லை. கப்பல் போய்விட்டது. பையன் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பாரீஸுக்குத் தந்தி கொடுத்தோம். இடத்தை அவனுக்காக வைத்திருந்தார்கள். அடுத்த கப்பல் வந்த அன்று கடல் துவைத்து விரித்த துணிபோலக் கிடந்தது. அப்பாவும் கப்பல்வரை படகில் வந்தார். விளிம்புக்கு மேலே கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, “இதே கடலா அன்னிக்கி அப்படி ஆடுச்சி? நம்பவே முடியல” என்றார். ஏழுமலை பின்துடுப்பை லேசாகத் திருப்பினார். “கடலு அதேதான். இன்னிக்கி நீங்க அதுகிட்ட கேட்டுட்டு வந்திருக்கீங்க.”

வரைபடம்

கடைசி வருஷங்களில் புதுப் பாலம் கட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு இளம் எஞ்சினியர், கோயம்புத்தூர்க்காரர், ஆழம் பார்க்க எங்கள் படகில் அடிக்கடி வருவார். மூன்றாம் அலை தாண்டி நின்றால் கரை முழுதும் ஒரே பச்சைக் கோடாகத் தெரியும். “இதில நம்ம புதுச்சேரி எதுவரைக்குமுங்க?” என்று கேட்டார். சந்தோஷமாக விரலை நீட்டினேன். வடக்கே அதோ முத்தியால்பேட்டை, நம்முடையது. அதை ஒட்டித் தெரிகிற தோப்பு கோட்டக்குப்பம், சென்னை ராஜ்யம். அதைத் தாண்டிக் காலாப்பட்டு, மறுபடி நம்முடையது. தெற்கே அரியாங்குப்பம் நம்முடையது, அப்புறம் கொஞ்சம் அவர்களுடையது, அப்புறம் பாகூர்ப் பக்கம் திரும்பவும் நம்முடையது. இந்தத் தோப்பில் கள் குடிக்கலாம், பக்கத்துத் தோப்பில் குடித்தால் போலீஸ். காரைக்கால் இங்கிருந்து தெரியாது, மாஹே மேற்குக் கடற்கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திராவில் இருக்கிறது, எல்லாம் நாம்தான்.

எஞ்சினியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கரையைப் பார்த்தார். “ஏனுங்க, பசியில இருந்த எவனோ தோசையப் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போயிட்டானாட்டம் இருக்குதுங்களே!”

கூண்டு

அந்தப் பாலத்துக்கு வேண்டிய இரும்புச் சாமான்களில் ஒரு பகுதி கப்பலில்தான் வந்தது. கரை சேர்த்தது நாங்கள். பாலம் வந்தால் பிழைப்பு என்ன ஆகும் என்று துடுப்புக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஏழுமலைக்கு மட்டும் கலக்கமே இல்லை. பாலம் எவ்வளவு நீண்டாலும் கப்பல் அதன் பக்கத்தில் வரப்போவதில்லை, நடுவே ஒரு படகு வேண்டியே தீரும் என்றார். அவர் சொன்னபடியே ஆனது. அலை உடைகிற இடம் மட்டும் எங்களுக்கு இல்லாமல் போனது. பாலத்தின் நுனியிலிருந்து கிரேன் கொக்கியில் ஒரு பிரம்புக் கூண்டை மாட்டி, பயணியை உள்ளே உட்கார வைத்து, கீழே நிற்கிற படகில் இறக்கிவிட வேண்டியதுதான்.

பயணிகளை ஏற்றும் முன்னால் யாராவது இறங்கிக் காட்ட வேண்டும் என்றார் ஏஜென்ட். எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தோம். எந்தப் புயலிலும் முகம் மாறாத மனிதர், அந்தக் கூண்டைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். மேலே கிரேன் பெட்டிக்குள் ஒரு வாலிபன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். “என்னங்க ஏழுமல, அலையவிட இதுவா பயம்?” என்று சீண்டினேன். அவர் கூண்டுக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார், மேலே அண்ணாந்து பார்த்தார், காலை வெளியே எடுத்தார். “அலையில போனா கடவுள் கையில முசே, இதுல போனா அந்த ஆளு கையில. அவன் காலையில ஏதாச்சும் சாப்ட்டானா இல்லியான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க.”

ஆகக்கூடி, ஒரு ராஜ்யத்தைக் கப்பலேற்றி அனுப்பினோம், இன்னொன்றைக் கரையில் இறக்கினோம், இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை, காய்ந்த துணியோடு ஒருவரைக்கூடக் கரை சேர்த்ததும் இல்லை.